காஞ்சி என்ற பெயரும் இல்லாத மைதானமும்: தமிழ்நாடு பிரீமியர் லீக் முதல் சீசனை முன்வைத்து

தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் சீசன் 2016 ஆகஸ்ட் 24 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கி, செப்டம்பர் 18 அன்று அங்கேயே முடிந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இறுதிப் போட்டியைத்தான் சொல்வார்கள். டூட்டி பேட்ரியாட்ஸ் இரண்டே விக்கெட்டுகளை இழந்து 215 ரன் எடுத்தது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 93 ரன்னில் சுருண்டது. இன்னொரு தரப்பு, திண்டுக்கல் அணிக்காகப் பந்து வீசிய சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி இளைஞர் நடராஜனைச் சொல்லும். டென்னிஸ் பந்தில் தொடங்கிய அவரை அடுத்த பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இரண்டுமே சொல்லத் தக்கவை. ஆனால் அந்த சீசன் விட்டுச்சென்ற பெரிய கேள்வி வேறொரு அணியிடம் இருக்கிறது என்பது என் வாதம்.

எட்டு அணிகளில் ஒன்றின் பெயர் ரூபி காஞ்சி வாரியர்ஸ். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் என்றால் பட்டும் கோயிலும் மட்டுமல்ல. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளும் அதற்குள்தான். ஹூண்டாய் கார் 1998 முதல் அங்கிருந்து வெளிவருகிறது. ரெனோ-நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் பின்னால் வந்தவை. கையில் சம்பளமும் கிரிக்கெட் பித்தும் உள்ள இளைஞர்கள் மாநிலத்திலேயே மிக நெருக்கமாகத் திரண்ட இடங்களில் ஒன்று இது. அப்படிப்பட்ட மாவட்டத்தின் பெயரைச் சுமந்த அணி அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த ஆண்டே அது ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆனது. 2018இல் முன்னாள் இந்தியத் தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகரின் திருவள்ளூர் வீரன்ஸ் அணி காஞ்சி வீரன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2021 சீசனில் அதன் இடத்தில் நின்றது நெல்லை ராயல் கிங்ஸ். ஒரு மாவட்டத்தின் பெயர் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறை ஒட்டப்பட்டு, இரண்டு முறையும் உதிர்ந்துபோனது.

உரிமையாளர்களின் பண நெருக்கடியும் விளம்பரக் கணக்கும் இதற்குக் காரணம் என்பார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொது. காஞ்சியின் பெயர் மட்டும் ஏன் வேர் பிடிக்கவில்லை என்பதற்கு, முதல் சீசனின் ஆட்டங்கள் எங்கே நடந்தன என்று பார்க்க வேண்டும்.

சேப்பாக்கத்தை விட்டால் இரண்டே இடங்கள். ஒன்று, நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம். மற்றொன்று, திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில், சங்கர் நகரில் இருக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவன மைதானம். இந்த இரண்டாவது இடம்தான் எனக்கு முக்கியம். 1949இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, தொழிலாளர் குடியிருப்பையும் பள்ளியையும் விளையாட்டுத் திடலையும் தன்னைச் சுற்றியே கட்டிக்கொண்டது. வேலை, வீடு, விளையாட்டு எல்லாம் நடந்து போகும் தூரத்தில். அன்றைய தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவர் என். சீனிவாசனே அந்த நிறுவனத்தையும் நடத்தியவர். ஆகவே ஆட்டம் அங்கே போனதில் வியப்பில்லை என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் அது மைதானம் தேர்வானதற்கான விளக்கம். அப்படி ஒரு மைதானம் அங்கே ஏற்கெனவே இருந்ததற்கான விளக்கம் ஆகாது. அதற்குப் பழைய ஆலைப் பண்பாடுதான் காரணம்.

ஒரகடத்தின் தொழில்முறை வேறு. இங்கே தொழிற்சாலை ஊரைக் கட்டவில்லை, பஸ்ஸை அனுப்பியது. அரக்கோணம், வேலூர், திருவண்ணாமலை வரை போய் ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ், ஷிப்ட் முடிந்ததும் அவர்களை அங்கேயே கொண்டு விட்டுவிடும். வேலைக்கு வருபவர் இந்த ஊர்க்காரர் ஆவதில்லை. காண்ட்ராக்ட் முடிந்தால் அடுத்த மாதம் வேறு கம்பெனி, வேறு பேட்டை. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றபோது, ஆயிரக்கணக்கானோரின் பிழைப்போடு அவர்களுக்கு இந்த இடத்தோடு இருந்த உறவும் அறுந்தது. அது நடந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள் பிறந்த அணிதான் காஞ்சி வாரியர்ஸ். இரண்டாம் ஷிப்டில் நிற்பவருக்கு, நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் சேப்பாக்கத்தில் நடக்கும் இரவு ஆட்டம் செல்போன் திரையில் வரும் செய்திதான்.

ஆட்டம் இங்கே இல்லாமலில்லை. ஞாயிறு காலையில் ஒரகடம் பக்கம் போனால், கம்பெனி இன்னும் வராத காலி மனைகளிலும் வற்றிய ஏரிகளிலும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடப்பதைப் பார்க்கலாம். முள்ளை வெட்டிச் சீர்செய்த செம்மண் பிட்ச். எல்லைக்கோடாக ஒரு சுண்ணாம்பு வளையம். பேனரில் முதல் பரிசுத் தொகை. மனைக்குச் சுற்றுச்சுவர் எழும்பும் நாளில் அந்த மைதானம் போய்விடும். நடராஜன்கள் உருவாகும் நிலம் இதுவே. இங்கே அது தற்காலிக நிலம்.

ஊரோடு நிலைத்த மைதானம் இருந்தால்தான் அணியும் நிலைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பாலும் சான்று. தென் கரோலினாவின் நூற்பாலை ஊர்களில் ஆலைக்கு ஆலை அணி இருந்தது. புகழ்பெற்ற ஜோ ஜாக்சன் சிறுவயதில் கிரீன்வில்லின் பிராண்டன் ஆலை அணியில் ஆடி வளர்ந்தவர். சின்ன ஊர் அணிகள் அங்கே பல தலைமுறை தாக்குப்பிடித்ததற்கு ஊருக்குள்ளேயே இருந்த மைதானம் பெரிய காரணம். 2021 சீசனுக்கு முன் மேஜர் லீக் நிர்வாகம் தன்னோடு இணைந்த அணிகளை 160இலிருந்து 120ஆகக் குறைத்தபோது, கைவிடப்பட்ட ஊர்கள் சில, இருந்த மைதானத்தை வைத்துக்கொண்டு வேறு லீக்குகளில் அணியை ஓட்டின. காஞ்சிக்கு அப்படி வைத்துக்கொள்ள எதுவும் இல்லை.

இப்போது நிலைமை மாறுகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய, 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் தங்குவோரில் பெரும்பாலோர் பெண்கள். இந்தத் தொழிற்பாதையில் ஷிப்ட் முடிந்தும் ஊரைவிட்டுப் போகாத பெருந்திரள் ஒன்று இப்போதுதான் உருவாகிறது. அவர்களுக்கு எட்டும் தூரத்தில், விளக்கு வசதியோடு, பெண்களுக்கு உரிய நேரம் ஒதுக்கி, சுவர் எழும்பாத ஒரு மைதானத்தைச் சிப்காட்டும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் சேர்ந்து அமைக்க வேண்டும். காஞ்சியின் பெயரில் மூன்றாவது அணியை ஏலம் விடுவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.