நெல்லுக்கு அடியில் ஒரு பிளவு

தஞ்சாவூர்ல இருந்து நாகப்பட்டினத்துக்கு பஸ்ல போயிருக்கீங்களா? ஜன்னல் சீட்ல உட்கார்ந்து வந்திருந்தா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. வழி முழுக்க குன்று கிடையாது, பாறை கிடையாது. தட்டையான வயல்தான். ஆனா அந்த வண்டலை அப்படியே வழிச்சு எடுத்துட்டுப் பார்க்க முடிஞ்சா, கீழே இருக்கறது வேற ஒரு நிலம். முகடு, பள்ளம், மறுபடி முகடு, பள்ளம். சில பள்ளங்கள் பல கிலோமீட்டர் ஆழம். நிலவியலாளர்கள் இதுக்கெல்லாம் நம்ம ஊர்ப் பேரைத்தான் வெச்சிருக்காங்க: கும்பகோணம்-மாதானம் முகடு, தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் முகடு, நாகப்பட்டினம் பள்ளம்.

இதெல்லாம் எப்படி வந்துச்சு? சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த நிலம். கோண்டுவானானு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அது பிரிய ஆரம்பிச்சப்போ, ரெண்டு பக்கமும் இழுத்த சப்பாத்தி மாவு மாதிரி நடுவுல நிலம் மெலிஞ்சது. ஆனா பாறை மாவு இல்லையே, அங்கங்க உடைஞ்சது. உடைஞ்ச துண்டுகள்ல சிலது கீழே இறங்கிச்சு, சிலது அப்படியே நின்னுச்சு. இறங்கினது பள்ளம், நின்னது முகடு.

பிரிவு முடிஞ்சதும் தட்டுகளோட எல்லை நடுக்கடலுக்குத் தள்ளிப் போயிடுச்சு. அதனால நம்ம கரையில எரிமலை இல்லை, பெரிய நிலநடுக்கமும் அரிது. இந்த மாதிரிக் கரைக்கு 'செயலற்ற விளிம்பு'னு பேர். எனக்கு இந்தப் பேர் பிடிக்கலை. சூடா இருந்த விளிம்பு ஆற ஆற, கோடிக்கணக்கான வருஷம் மெதுவா அமிழ்ந்துட்டே இருந்திருக்கு. ஆறுகளும் கடலும் அந்தக் குழியில மண்ணைக் கொட்டிட்டே இருந்திருக்கு. இதுல செயலற்றது எது?

முதல்ல விழுந்த கறுப்புச் சேறுல செடி, பாசி, நுண்ணுயிர் எல்லாம் மக்கிக் கலந்திருந்தது. மேல மேல மண் விழ, அது ஆழத்துக்குப் போய் வெந்துச்சு. கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டுல எண்ணெயா மாறிச்சு. எண்ணெய் லேசு, அதனால மேல ஏறும். சில இடத்துல பள்ளத்துல பிறந்த எண்ணெய் பக்கத்து முகட்டுக்கு ஏறி, அங்க இருந்த பழைய கருங்கல்லோட விரிசல்லயே போய் உட்கார்ந்திருக்கு. மாதானத்துல ஓஎன்ஜிசி எடுக்கறது அப்படிப்பட்ட எண்ணெய்தான்.

இந்தக் கதையை முதல்ல படிக்க ஆரம்பிச்சவங்க எண்ணெய் தேடி வரலை. 1840-கள்ல காய், கன்லிஃப்னு ரெண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் கல்லாகிப் போன சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாங்க. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல அதை ஆராய்ஞ்சு எழுதினார். அப்புறம் வந்த பிளான்ஃபோர்ட் அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு அடுக்கு அடுக்காப் பிரிச்சார். பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போனா இன்னைக்கும் அந்தக் கடலடிச் சேற்றுமேல நடக்கலாம். டெல்டாவுக்கு அடியில ரொம்ப ஆழத்துல புதைஞ்சு கிடக்கற அடுக்குகள்ல பலது, படுகையோட மேற்கு ஓரத்துல வெயில்ல கிடக்குது. மூடின புத்தகத்தோட ஓரம் மட்டும் வெளியே தெரியற மாதிரி.

ஓஎன்ஜிசி 1964-ல காரைக்கால்ல முதல் ஆழ்கிணறு தோண்டிச்சு. நரிமணத்துல எண்ணெய் கிடைச்சது 1985-ல. இடையில 21 வருஷம்! 1993-ல அங்கேயே ஒரு சுத்திகரிப்பு ஆலையும் வந்துச்சு. அப்போ அதோட கொள்ளளவு வருஷத்துக்கு 5 லட்சம் டன்னா இருந்துச்சு. இந்தியா ஒரு வருஷத்துல செலவழிக்கற பெட்ரோலியம் 20 கோடி டன்னுக்கு மேல. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

2017-ல புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே உட்கார்ந்துச்சு. நிலத்தடி நீர் போயிடும், விளைநிலம் கெட்டுடும்ங்கறது அவங்க பயம். அப்போ நிறைய பேர் கேட்டது, "இவ்வளவு பெரிய நாட்டுல எங்க வயலுக்கு அடியிலதான் இது கிடைக்கணுமா?" நியாயமான ஆதங்கம். ஆனா இது தற்செயல் இல்லை. நிலம் உடைஞ்சு இறங்கினதாலதான் அங்க சேறு சேர்ந்துச்சு. அதே தாழ்ந்த ஓரத்தைத் தேடித்தான் பின்னாடி காவிரியும் வந்து வண்டலைக் கொட்டிச்சு. பழைய வண்டல் எண்ணெய் ஆச்சு, புது வண்டல் நெல் ஆச்சு. ரெண்டுக்கும் வேர் அதே பிளவுதான். அதனால ஒரு கிணறு போனா இன்னொரு கிணறுன்னு இந்தச் சண்டை திரும்பத் திரும்ப அதே வயலுக்குத்தான் வரும்.

2020-ல தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்துச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கூட கடலூர், புதுக்கோட்டையில சில வட்டாரங்கள். இங்க புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை. ஏற்கெனவே ஓடிட்டிருந்த கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை.

ஆனா காவிரிப் படுகையோட மொத்தப் பரப்பு சுமார் 1.5 லட்சம் சதுர கிலோமீட்டர். அதுல தரையில இருக்கறது 25 ஆயிரம்தான். மிச்சமெல்லாம் கடலுக்கு அடியில, பாக் நீரிணையைத் தாண்டி மன்னார் வளைகுடா வரைக்கும் போகுது. 2011-ல இலங்கை தன்னோட முதல் எரிவாயுவைக் கண்டுபிடிச்சது அந்த மன்னார் பக்கத்துலதான். அங்க நெல் வயல் இல்லை. மீன் பிடிக்கறவங்க இருக்காங்க.