அஞ்ஞானி

‘அஞ்ஞானம்’ என்பது ‘அ’ என்னும் எதிர்மறை முன்னொட்டும் ‘ஞானம்’ என்பதும் சேர்ந்த வடசொல், பொருள் அறிவின்மை; அதை உடையவர் அஞ்ஞானி. பழைய தமிழ் அச்சு நூல்களில் ‘அக்கியானம்’ என்றும் காணலாம். சைவத்தில் இது உயிரை மறைக்கும் அறியாமை. யாருக்கும் உண்டு, நீங்கவும் நீங்கும். ‘அஞ்ஞானி’ என்பதைப் பிற மதத்தாரைச் சுட்டும் பெயராக ஆக்கியவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். லத்தீனில் இதற்கு ஈடான ‘பாகானுஸ்’ நாட்டுப்புறத்தான் என்ற பொருளிலிருந்து அந்தப் பொருளுக்கு வந்தது. நம் சொல் படிப்பு வாசனையோடு வந்தது. இரண்டிலும் ஏளனம் ஒன்றுதான்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அங்கே தமிழில் அச்சிட்ட தொடக்ககாலச் சிறுநூல்களில் ஒன்று ‘அக்கியானம்’ பற்றியது. ஆனால் 1713-இல் தமிழரின் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூல் பராபரவஸ்துவில் தொடங்குகிறது: எல்லாவற்றுக்கும் மூலமான ஒரே பரம்பொருள். அதன் பிறகே மும்மூர்த்திகள், கிராம தேவதைகள். கண்டிக்க வந்தவரே ஒரே கடவுள் நம்பிக்கை இங்கே உண்டென்று பதிந்துவிட்டார்! ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை; நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

அந்த நம்பிக்கையை இன்றும் கேட்கலாம். கடம்பத்தூர் என்ற ஊரின் பெயரிலேயே கடம்பு இருக்கிறது. முருகன் உறையும் மரம். மதுரை மீனாட்சி கோயிலின் தலமரமும் அதுவே. மரத்தைக் கும்பிடுகிறவர் மரத்தையே கடவுள் என்கிறாரா? அங்கே ரயிலேறித் திருத்தணிக்குப் போகிறவரிடம் கேட்டால், “சாமி ஒண்ணுதான், பேருதான் பல” என்பார். அவரை அஞ்ஞானி என்பது சொல்லின் பொருளுக்கே பொருந்தாது.