யாழ்ப்பாணத்துப் போசனசாலைகள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களுட் சில கடல் கடந்து வந்தவை. அமர்வதற்குக் கதிரை, பலர் சேர்ந்திருப்பதற்கு வாங்கு, உணவு வைப்பதற்கு மேசை, பருகுவதற்குக் கோப்பை, சமைப்பதற்குக் குசினி, காலையில் உண்பதற்குப் பாண் என்னும் இவையெல்லாம் போர்த்துக்கேய மொழியின் வழியாக வந்து, பாட்டிமாரின் பேச்சிலும் இயல்பாகக் கலந்துவிட்ட சொற்களாம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடம் தோற்று நீங்கினர். அவர்தம் கோட்டை கைமாறிற்று, ஆட்சியும் மறைந்தது. அவர் விட்டுச்சென்ற கதிரையும் மேசையும் மட்டும் இன்றுவரை நிலைத்துள்ளன.

யாழ்ப்பாணத்துப் போசனசாலைகளின் வரலாற்றை அறியப் புகுவோர் இச்சொற்களிலிருந்து தொடங்குதல் பொருந்தும். உண்ணும் பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. அதனை உண்பதற்குக் கதிரையில் அமரும் உரிமை எவர்க்கு இருந்தது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை எளிது. பின்னதற்கு ஏற்ற விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பலர் போராட வேண்டியிருந்தது.

அயல்நாட்டு உணவுப் பொருள்களை யாழ்ப்பாணத்தார் ஒருபோதும் வெறுத்து ஒதுக்கினாரல்லர். செத்தல் மிளகாயை வறுத்து இடித்த தூளின்றி யாழ்ப்பாணத்துக் கறி இல்லை. அம்மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி; ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே கீழைநாடுகளை அடைந்தது. கூழுக்குச் சுவை கூட்டும் மரவள்ளிக் கிழங்கும், வேலியோரத்தில் நிற்கும் பப்பாசியும், அன்னாசியும், மரமுந்திரிகையும் அக்கண்டத்திலிருந்தே வந்தன. தொதல் என்னும் பணியாரம் மலாய் நாட்டு உறவால் கிடைத்தது. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில், யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பலரைச் செல்வராக்கியவை வெங்காயமும் அந்த மிளகாயுமே. வந்த பொருளைத் தோட்டத்தில் ஊன்றிச் சட்டியில் இட்டுத் தமதாக்கிக் கொள்ளும் திறம் இம்மக்களிடம் என்றும் இருந்தது.

ஆயினும், பணங் கொடுத்து வெளியிடத்தில் உண்ணும் வழக்கம் அங்கே மிகப் பிந்தியே தோன்றிற்று. பயணம் போவோர் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். வழிநெடுக மடங்களும் கேணிகளும் சுமைதாங்கிகளும் அமைத்தல் அறமெனக் கருதப்பட்டது. வீதியின் குறுக்கே கூரை வேய்ந்து நிற்கும் பருத்தித்துறைத் தெருமூடிமடம் அவ்வறத்திற்கு இன்றும் சான்றாகும். மடத்தில் இளைப்பாறலாம்; விலைக்கு உணவு வாங்குதல் இல்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் பந்தி உண்டு. அப்பந்தியில் யார் யாருடன் அமரலாம் என்பதைச் சாதி வரையறுத்து வைத்திருந்தது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து அரசாங்க அலுவலர் தங்கி உண்பதற்கு வாடிவீடுகள் ஏற்பட்டன. ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய சிறுகோட்டையே பிற்காலத்தில் வாடிவீடாகப் பயன்பட்டது. மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கத்தியும் முள்ளும் வைத்து உணவு பரிமாறிய அவ்விடங்கள் துரைமாருக்கும் உயர் உத்தியோகத்தருக்கும் உரியனவாக இருந்தன. ஊரவர்க்கும் அவற்றுக்கும் தொடர்பு குறைவு.

உணவு உண்ணும் இடம் எத்துணைப் பெருஞ் சிக்கலாக இருந்தது என்பதை மிசனரிமாரின் அனுபவம் காட்டும். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். வானசாஸ்திரமும் கணிதமும் ஆங்கிலமும் கற்பதற்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர், மிசன் வளவுக்குள் சமைத்த உணவை அவர்கள் உண்பதற்குத் தொடக்கத்தில் இசைந்திலர். அதனால் அயற்காணியிலே சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது. நியூட்டனின் விதி தடையின்றி வளவுக்குள் நுழைந்தது. சோற்றுப் பானை வேலிக்கு வெளியே நின்றது.

இந்நிலையை மாற்றியவை புகைவண்டியும் தேயிலையுமாகும். 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டில் அப்பாதை தெற்கே கொழும்புப் பாதையோடு இணைந்தது. எழுதுவினைஞரும் வணிகரும் மாணவரும் அடிக்கடி பயணஞ் செய்தனர். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்துடன் திரும்பியோர் புதிய சுவைகளையும் புதிய பழக்கங்களையும் கொணர்ந்தனர். யாழ்ப்பாணப் பெரியகடையிலே, மரக்கறி உணவை வாழையிலையில் இட்டுப் பெயர்பெற்ற மலாயன் கபே என்னும் கடை, தன் பெயரிலேயே அக்கடல் கடந்த உறவை நினைவூட்டுகின்றது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெய்லர் என்பார் கண்டிச் சீமையில் வாணிக முறையிலே தொடங்கிய தேயிலைப் பயிர், இருபதாம் நூற்றாண்டில் நாடெங்கும் பரந்த குடிவகையாயிற்று. சந்திதோறும் தேநீர்க்கடைகள் எழுந்தன. புதினப்பத்திரிகை படிப்பதும் அரசியல் பேசுவதும் அங்கேயே நடந்தன.

தேநீர் யாழ்ப்பாணத்துக்குப் புதியது. அதனைக் குறித்துப் பழைய நூல் எதுவும் விதி வகுத்ததில்லை. அது விளைந்தது மலைநாட்டில். அதன் கொழுந்தைப் பறித்தோர் அங்கு உழைத்த தமிழ்ப் பெண்கள். ஊற்றிக் கொடுத்த கோப்பையின் பெயரோ போர்த்துக்கேயம். அவ்வாறிருந்தும், பழைய கட்டுப்பாடு முழுவதையும் இப்புதிய கடையின்மேல் ஏற்றி வைத்தனர். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கடையினுள் நுழைந்து வாங்கிலே அமர்தல் கூடாது. வாசலோரத்தில் நின்றோ நிலத்தில் இருந்தோ பருகவேண்டும். அவர்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும், தனியே ஒதுக்கி வைத்த பேணியிலும் தேநீர் வார்க்கப்பட்டது. பிறர் கொடுக்கும் காசையே அவர்களும் கொடுத்தனர். காசைத் தொடுவதில் கடைக்காரர்க்குத் தயக்கம் இருக்கவில்லை.

இக்கொடுமையை உணர்ந்த இளைஞர் முதலிற் பாடசாலைகளில் மாற்றம் கோரினர். 1924ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்று, தீண்டாமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அவ்வியக்கத்தின் அழைப்பையேற்று 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அதன்பின், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகையான ஆசனத்தில் அமரவேண்டும் என்னும் கட்டளை பிறந்தது. அக்காலத்தவர் இதனைச் சமாசனம் என்றும், சேர்ந்துண்பதைச் சமபோசனம் என்றும் குறித்தனர். நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறி அமர்ந்தது; அதனைப் பொறாதார் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டனர்.

பாடசாலை வாங்கினும் தேநீர்க்கடை வாங்கு கடினமாயிற்று. பாடசாலைக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. ஆகவே கட்டளையிட முடிந்தது. கடைக்காரர்க்குப் பணம் கொடுப்போர் வாடிக்கையாளர். ஒரு கடை மட்டும் எல்லோரையும் உள்ளே அமரச் செய்யுமாயின், மற்றவர் அடுத்த கடைக்குப் போய்விடுவர் என்னும் அச்சம் இருந்தது. நல்லெண்ணமுடைய கடைக்காரரும் அயற்கடைக்காரர் முந்தட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கடையும் திறவாது. எல்லாக் கடைகளையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டமே இம்முடிச்சை அவிழ்க்க வல்லது. எம். சி. சுப்பிரமணியம் முதலியோர் முன்னின்று நடத்திய அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இவ்வுரிமைகளுக்காக இடையறாது உழைத்தது. 1957ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சாதி காரணமாக ஒருவரை உணவுக்கடை முதலிய பொது இடங்களிலிருந்து தடுத்தல் அதனாற் குற்றமாயிற்று. நகரத்துக் கடைகள் சில மெல்லத் திறந்தன. கிராமத்துக் கடைகளோ சட்டம் வந்ததை அறியாதன போல இருந்தன.

எனவே 1960களில் போராட்டம் வீதிக்கு வந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். தாக்குண்டோர் கலையாது நகரை அடைந்து கூட்டம் நடத்தினர். அடுத்த ஆண்டில் எஸ். ரி. என். நாகரத்தினத்தைத் தலைவராகக் கொண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. தேநீர்க்கடைப் பிரவேசம் அதன் முதற் பணிகளுள் ஒன்றாகும். அதன் முறை எளியது: இளைஞர் சிலர் கூடிக் கடையினுள் சென்று வாங்கில் அமர்வர், தேநீர் கேட்பர், வரும்வரையில் எழார். சில கடைக்காரர் கொடுத்தனர். சிலர் கடையையே பூட்டிச் சென்றனர். 1968ஆம் ஆண்டில் சங்கானையில் இப்பூசல் முற்றி வீடுகள் எரிந்தன, உயிர்ப்பலியும் நேர்ந்தது. ஒரு கோப்பைத் தேநீரை அமர்ந்து பருகுவதற்காக மனிதர் இறந்தனர் என்பது வரலாறு. அப்போராட்டத்திற் பங்குகொண்ட எழுத்தாளர் கே. டானியல் அக்காலத்து அனுபவங்களைத் தம் ‘பஞ்சமர்’ நாவலிற் பதித்து வைத்தார்.

கடைகளின் கதவுகள் இவ்வாறு திறந்த பின்னர், வேறு வகையான இழப்புகள் தொடர்ந்தன. யாழ்ப்பாண நகரின் வெதுப்பகங்களிற் பலவற்றைச் சிங்களவர் நடத்தி வந்தனர். இனக்கலவரங்கள் மூண்டு உறவு முறிந்த காலத்தில் அவர்கள் தெற்கே சென்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்தம் சாப்பாட்டுக்கடைகளின் அடுப்புகள் அணைந்தன. பொருளாதாரத் தடையும் போக்குவரத்துத் தடையும் மாவையும் எரிபொருளையும் அரியனவாக்கின. சாதியின் பெயரால் ஒரு சாரார் கடைக்கு வெளியே நின்ற ஊரிலே, இனத்தின் பெயராலும் சமயத்தின் பெயராலும் வேறு சாரார் ஊருக்கே வெளியாயினர்.

போரினால் நாடு நீங்கிய இளைஞர் பாரிஸ், இலண்டன், ரொறொன்ரோ முதலிய நகரங்களின் உணவகங்களில் வேலை தேடிக் கொண்டனர். கோப்பை கழுவுதலில் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தோர் பலர். பாரிசில் வாழும் தமிழர் அதனைக் ‘குசினி வேலை’ என்பர். போர்த்துக்கேயரால் யாழ்ப்பாணத்துக்கு வந்த சொல், நானூறு ஆண்டு கழித்து, அதன் இனச்சொல் வழங்கும் பிரெஞ்சு நாட்டிலே அவர்களுக்குத் தொழிற்பெயராயிற்று. பிறந்த ஊரில் பிறர் தொட்ட பேணியைத் தொடாதிருந்த குடும்பத்துப் பிள்ளையும், அப்பேணியைத் தனியே பெற்ற குடும்பத்துப் பிள்ளையும் அந்நிய நாட்டுக் குசினியில் ஒரே தொட்டியிலே எல்லோருடைய கோப்பையையும் கழுவினர்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. 2013ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில் கார்கில்ஸ் சதுக்கம் என்னும் பல்கடைத் தொகுதி திறக்கப்பட்டது. அமெரிக்க முறைப்படி பொரித்த கோழியை விற்கும் கே.எஃப்.சி. கடையும் அங்கு வந்தது. 2014ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. 2019ஆம் ஆண்டில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரும், தெற்கிலிருந்து வரும் பயணிகளும் பெருகினர். இன்று நகரிலே இத்தாலியரின் பீட்சாவும் சீனர் முறைச் சோறும் வட இந்திய ரொட்டியும் கிடைக்கின்றன. அயலிலே தோசையும் கொத்து ரொட்டியும் முன்போலவே விலையாகின்றன.

அந்நிய உணவு வந்ததால் நம் பண்பாடு கெட்டது எனக் கவல்வோர் உளர். மிளகாயின் வரலாற்றை அறிந்தோர்க்கு அக்கவலை பெரிதாகத் தோன்றாது. பீட்சாவும் ஒருநாள் தொதலைப்போல ஊர்ப் பணியாரமாகிவிடலாம். கவலத் தக்கது வேறு. புதிய போசனசாலையின் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே செல்லும் இளைஞனை, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கு எவரும் கேட்பதில்லை. அவ்வியல்பு அமெரிக்கக் கடையோடு கப்பலில் வந்ததன்று. சுன்னாகத்து வீதியில் அடியுண்டவரும் சங்கானை வாங்கில் அசையாது அமர்ந்தவரும் ஈட்டித் தந்தது அது. அவர் பணி முற்றுப்பெறவும் இல்லை. கலியாணப் பேச்சிலும் சில கோயில்களிலும் சாதி இன்னும் தன் கதிரையை விட்டு எழவில்லை. புதிய கடையில் ஒன்றாக அமர்ந்து உண்போர், தம் வீட்டுப் பந்தியிலும் அவ்வாறே அமர்வாராயின், அன்று தேநீருக்காகக் காத்திருந்தவர் கேட்டது முழுமையாகக் கிடைத்ததாகும்.