திறந்து மூடும் தரை

கட்டடம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். அதற்குள் ஓடும் ஒயர் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். சென்னையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்த எனக்கு, சிமென்ட் தரையில் காடி வெட்டிப் பைப் புதைத்த காலமும் தெரியும். ஒரு பிளக் பாயின்ட்டை நகர்த்த அதையே மறுபடி உடைத்ததும் தெரியும். அந்தத் தொல்லைக்கு வந்த தீர்வுதான் ஃபால்ஸ் ஃப்ளோர்.

அது பிறந்தது கம்ப்யூட்டர் அறைகளில். 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 போன்றவை ஒரே பெட்டியில் அடங்கியவை அல்ல. பிராசசர், டேப், பிரின்டர் என்று தனித்தனி அலமாரிகள், நடுவே தடித்தடியான கேபிள்கள். அவற்றை மேலே போட்டால் கால் இடறும். எனவே இரும்புக் கால்கள் நட்டு, இரண்டடிச் சதுரப் பலகைகளை அடுக்கினார்கள். அடியில் கேபிள் ஓடியது. ஏசியின் குளிர்காற்றும் அதே வழியில் போய், ஓட்டைப் பலகை இருந்த இடத்தில் மேலே வந்தது.

சாதாரண அலுவலகத்துக்கு இதைத் துணிந்து கொண்டுவந்தவர்களில் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் முக்கியமானவர். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் வில்லிஸ் ஃபேபர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவர் கட்டிய அலுவலகம் 1975இல் முடிந்தது. அப்போது மேஜைகளில் டைப்ரைட்டர்தான். 1980களில் கம்ப்யூட்டர் வந்தபோது, ஃபால்ஸ் ஃப்ளோர் இருந்ததால் அதிக இடைஞ்சல் இல்லாமல் கேபிள் வேலை முடிந்தது. கீழ்த்தளத்தில் ஊழியர்களுக்காக ஒரு நீச்சல்குளமும் இருந்தது. பிறகு இடம் தேவைப்பட்டபோது அதைத் தூர்க்கவில்லை. மேலே தரை போட்டு மூடினார்கள்.

இந்தத் தரைக்கும் குணக்கேடு உண்டு. சக்‌ஷன் கப்பை அழுத்திப் பலகையைத் தூக்குவது சுலபம். ஆனால், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் இல்லாத இடத்தில் வரிசையாகப் பிரித்தால் மீதித் தரை ஆட ஆரம்பிக்கும். இன்னொரு வில்லங்கம், துத்தநாகப் பூச்சுள்ள சில பழைய பலகைகளின் அடியில் முளைக்கும் மயிரிழை போன்ற உலோக இழைகள். பலகையை இழுக்கும்போது உதிர்ந்து, குளிர்காற்றோடு மெஷினுக்குள் போய் ஷார்ட் ஆக்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு நம்முடையது. புதுக் கேபிளை ஓட்டுகிறவர்கள் பழையதை உருவுவதில்லை. நான் திறந்துபார்த்த தரைகளில் செத்த கேபிள் குவிந்து காற்றோட்டத்தையே அடைத்திருக்கிறது. இன்று பல டேட்டா சென்டர்கள் கேபிளைத் தலைக்குமேல் டிரேயில் கொண்டுபோய்விட்டு, மெஷினை நேராகக் கான்கிரீட் தரையிலேயே நிறுத்துகின்றன. மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புதுக் கேபிளுக்கு டெண்டர் விடும்போதே, பழையதை உருவுவதற்கும் கூலி சேருங்கள்.