கழுத்துக் கட்டியும் ஒரு மெல்லிய ஊசியும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு தைராய்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன மாதம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. "ஊசி போட்டுப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். "ஊசியில கரைஞ்சிடுமா?" என்று கேட்டார் அம்மா. கரைக்கிற ஊசி இல்லையாம், கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுக்கிற ஊசியாம். ரிசல்ட் வர மூன்று நாள். தூக்கம் வராத அந்த ராத்திரிகளில் படித்ததுதான் இது.

கதை கத்தியில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் தைராய்டு ஆபரேஷன் என்றால் ரத்தப்போக்கிலோ கிருமித் தொற்றிலோ உயிர் போகும் ஆபத்து அதிகம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தார். 1909இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் சுரப்பியை முழுசாக எடுத்தவர்களில் பலர் உடலும் மனமும் மந்தமாகிப் போனதை 1883இல் வெளியே சொன்னவரும் அவரேதான்.

ஆக, வெட்டினால் விலை உண்டு. கழுத்துக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்றுநோயே இல்லை. எதை வெட்டுவது, எதை விடுவது? வெட்டாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

1930இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் பலவகைக் கட்டிகளில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்த முறையை வெளியிட்டார்கள். ஊசி போன வழியில் புற்று பரவிவிடும் என்ற பயத்தால் பலரும் அதைத் தொடவில்லை. 1950களில் கதிரியக்க அயோடின் ஸ்கேன் வந்தது. அயோடினை இழுக்காத கட்டிக்கு 'குளிர்ந்த கட்டி' என்று பெயர். சந்தேகப்பட்டு அறுத்தார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான்!

வழி காட்டியது ஸ்வீடன். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஃபிரான்சென் குழுவினர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஊசியால் செல்களை எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். 1962இல் ஐன்ஹார்னும் ஃபிரான்செனும் தைராய்டு முடிவுகளை வெளியிட்டார்கள். புற்று பரவுவது மிக மிக அபூர்வம் என்று தெரிந்தது. 1980களுக்குள் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டது. தேவையில்லாத ஆபரேஷன்கள் குறைந்தன.

ஆடிட்டிங் வகுப்பில் டெஸ்ட் செக்கிங் படித்தோமே, நினைவிருக்கிறதா? நாலு வவுச்சரைப் பார்த்து முழுக் கணக்கையும் எடைபோடுவது. ஊசியும் அதே மாதிரிதான், அதே குறையோடு. ஃபாலிகுலர் என்ற வகையில் செல்லைப் பார்த்தால் புற்றா இல்லையா என்று தெரியாது. கட்டியின் உறையையோ ரத்தக்குழாயையோ அது துளைத்திருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு கட்டியையே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு வார்த்தையில் ரிப்போர்ட் எழுதிய குழப்பத்தைத் தீர்க்க, 2007இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடி ஆறு பிரிவுகளை வகுத்தார்கள். 2 என்றால் சாதாரணம், 6 என்றால் புற்று. நடுவில் இருக்கும் 3, 4 தான் தலைவலி. இப்போது அதற்கு மரபணுச் சோதனைகளும் வந்திருக்கின்றன.

இனி தென்கொரியா. 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் சிறு கட்டணத்தில் கழுத்து ஸ்கேனும் பலர் எடுத்துக்கொண்டார்கள். சின்னக் கட்டிக்கெல்லாம் ஊசி. 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 15 மடங்கு! ஆனால் சாவு எண்ணிக்கை மாறவே இல்லை. ஆபத்தே தராத புற்றுகளைத் தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள். பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. 2014இல் மருத்துவர்களே குரல் கொடுத்த பிறகுதான் ஆபரேஷன்கள் குறைந்தன. இன்று 1 செ.மீ.க்குக் குறைவான கட்டிக்குப் பொதுவாக ஊசி வேண்டாம் என்கிறார்கள்.

ஆபரேஷனைக் குறைக்க வந்த ஊசி, அளவு மீறினால் ஆபரேஷனைக் கூட்டவும் செய்யும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் பிரிவு 2. "ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன் எடுத்தா போதும்" என்றார் டாக்டர். 1955ஆக இருந்திருந்தால் அம்மா ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்க வேண்டியிருக்கலாம்.

மருத்துவம் படிக்கும் நண்பர்கள் தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.