சட்டாம்பிள்ளை எங்கே? - இணைய வகுப்பின் பழைய கதை

கல்லூரிகளில் இப்போது 'எல்.எம்.எஸ்.' என்ற மூன்றெழுத்து இல்லாமல் பேச்சே கிடையாது. லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம். தமிழில் 'கற்றல் மேலாண்மை அமைப்பு' என்கிறார்கள். (காமர்ஸ் மாணவர்களுக்கு மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டாலே பாதித் தூக்கம் வந்துவிடும்!) பாடக் குறிப்பு, வீடியோ, அசைன்மென்ட், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் ஏற்பாடு அது. மூடுல், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் இந்த வகைதான்.

இவற்றைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரைகள் ஏராளம். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்று படம் போட்டு விளக்குகிறார்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பாடத்தை ஏற்றியாயிற்று, சரி. அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை அதைப் படித்தானா, புரிந்ததா என்று கேட்பது யார்? வகுப்பறை என்றால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். திரைக்கு அப்பால் ஒருவன் மெல்ல மெல்லக் காணாமல் போனால் யாருக்கும் சத்தம் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி கணினியோடு பிறந்தது அல்ல. இதற்கு ஆளுக்கொரு விதமாய்ப் பதில் தேடியவர்களில் சிலர் எட்டயபுரத்திலும், அங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் தூத்துக்குடிக் கரையிலும் வாழ்ந்தவர்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா? பழையதில் இருந்தே தொடங்கலாம்.

1542-ம் ஆண்டு. பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வருகிறார். கடற்கரை நெடுகப் பரதவர் ஊர்கள். அவருக்கோ தமிழ் தெரியாது. மத விஷயத்தை ஒதுக்கிவிட்டு, கற்பித்த முறையை மட்டும் கவனியுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, முதலில் தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தினமும் இரண்டு வேளை வகுப்பு. அங்கே படித்ததைப் பிள்ளைகள் வீட்டில் உள்ளவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1544 ஜனவரியில் ரோமுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த விவரங்கள் இருக்கின்றன.

ஆசிரியர் ஒருவர், ஊர்களோ பல. அடுத்த ஊருக்குப் போகும்போது என்ன செய்வது? பாடத்தின் பிரதி ஒன்றை அந்த ஊரில் விட்டுவிட்டுப் போனார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால் 'அப்லோட்' முடிந்தது! ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். தினமும் பிள்ளைகளைக் கூட்டி, சொல்ல வைத்துக் கேட்பது அவர் வேலை. சும்மா அல்ல, சம்பளத்துக்கு. போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையில் இருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கி இதற்குத் திருப்பினார். பாடத்தைப் படி எடுக்க ஆன செலவை விட, கேட்க ஆள் வைக்க ஆன செலவுதான் அதிகம் இருந்திருக்கும். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578-ல்தான் கொல்லத்தில் அச்சானது. புத்தகம் வருவதற்கு 36 வருடம் முன்பே கேட்கும் ஆள் வந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். மணலில் விரலால் எழுத்து, அப்புறம் ஓலை, எண்சுவடி, எல்லாம் தலைகீழாகச் சொல்லும் வரை மனப்பாடம். உ.வே.சாமிநாதையர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்: மாலையில் பள்ளி விடும்போது ஆசிரியர் ஆளுக்கு ஒரு பூ, ஒரு ஊர் என்று பெயர்கள் சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவரே என்பதால், மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை. சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒப்பிக்க வைத்துக் கேட்பது அவன் பொறுப்பு. இந்த மாதிரிப் பள்ளிகள் எத்தனை இருந்தன தெரியுமா? கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்கு, 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் வந்தது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்.

இந்த முறை கப்பலேறி லண்டனுக்கும் போனது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோனார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்று கைவிரித்துவிட்டார். (புதுக் கருவியைக் கண்டால் முகம் சுளிக்கும் ஆசிரியர் எந்தக் காலத்திலும் உண்டு போலிருக்கிறது!) பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அந்தப் பொடியன் சாதித்துக் காட்டினான்! 1797-ல் பெல் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்றொரு பள்ளி இன்றும் இருக்கிறது. அது பெல் விட்டுப்போன பணத்தில் தொடங்கியது.

அங்கே போனதும் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே போன்ற முறையை எடுத்துக்கொண்டு, ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்று பிரசாரம் செய்தார். செலவு குறைவு! கொடுப்பவர்கள் குஷியாகிவிட்டார்கள். பிள்ளைகள் விசில் சத்தத்துக்கு எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்கள். ஒப்பித்தலும் நடந்தது. ஆனால் மேலே இருந்த ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது. 1846-க்குப் பிறகு, சம்பளமும் பயிற்சியும் பெற்ற மாணவ-ஆசிரியர்கள் வந்தார்கள், அந்த முறை மெல்ல மறைந்தது. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்கு நாலடி தள்ளி வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அந்த நாலடியை லண்டனுக்கு ஏற்றுமதி செய்ய மறந்துவிட்டார்கள்.

இப்போது எட்டயபுரத்துக்கு வருவோம். எட்டயபுரம் என்றால் பாரதி என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் பாடத்தை 'ஏற்றுவது' என்ற விஷயத்தில் இந்த ஊர் செய்த பெரிய காரியம் வேறு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் இங்கேதான் காலமானார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் அவரால் தத்தெடுக்கப்பட்டவருமான சுப்பராம தீட்சிதரிடம் (1839-1906) குடும்பத்தின் கீர்த்தனைகள் இருந்தன. அவை எல்லாம் வாயால் பாடி, காதால் கேட்டு, வருடக்கணக்கில் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவை. சென்னையில் இருந்த சின்னசாமி முதலியார் என்ற இசை ஆர்வலர், இவை அழிந்துவிடக் கூடாது, அச்சில் வர வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். தீட்சிதருக்கு முதலில் மனம் வரவில்லை. குலச்சொத்தை எடுத்து ஊருக்குக் கொடுப்பது லேசா? கடைசியில் எட்டயபுரம் மகாராஜாவின் ஆதரவோடு, 1904-ல், எட்டயபுரத்திலேயே வித்யா விலாசினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளியானது. தீட்சிதர் கீர்த்தனைகள் மட்டும் இருநூறுக்கு மேல்.

அதில் அவர் செய்த ஒரு வேலையைத்தான் இன்றைய ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். வெறுமனே ஸ்வரங்களை வரிசையாக எழுதிவிட்டுப் போகவில்லை. ஸ்வரத்தை எப்படி அசைப்பது, எங்கே வழுக்குவது என்று காட்ட, ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி வைத்தார். அந்தக் குறிகளை எப்படிப் படிப்பது என்று விளக்கமும் கொடுத்தார். தான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை, படிப்பவன் தனியாக இருப்பான் என்று நினைத்து எழுதியிருக்கிறார்! இன்று பலர் ஏற்றும் பி.பி.டி. ஃபைல்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பில் பேசுவதற்காக வைத்திருந்த குறிப்பு வரிகளை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். நாலு புள்ளி, நாலு வார்த்தை. பேசிய குரல் அதில் இல்லை.

அத்தனை கவனமாக எழுதியும் என்ன? நூற்றுக்கு மேல் ஆண்டு கடந்தும், அந்தக் குறிகளை எப்படிப் பாடுவது என்று வித்வான்களுக்குள் விவாதம் ஓயவில்லை. பாடாந்தரம் உள்ளவர் கையில் அந்தப் புத்தகம் தங்கம். மற்றவருக்கு அது பாதிப் பாட்டு.

(அதே 1904-ல் எட்டயபுரத்து இளைஞர் ஒருவர் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் போலத் தமிழாசிரியராக இருந்தார். பாரதிதான்! பின்னாளில் அவர் 'தேசீயக் கல்வி' என்று ஒரு கட்டுரை எழுதினார். கிராமத்துப் பள்ளியில் கற்றுத்தர வேண்டியவற்றில் வியாபாரத்தையும் யாத்திரையையும் கூடச் சேர்த்திருக்கிறார். காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

கடல் தாண்டி இன்னொரு கதை. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அங்கே 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ரேடியோ பள்ளிக்கூடம் தொடங்கியது. பறக்கும் டாக்டர்களின் வயர்லெஸ் செட்டு வழியாகவே பாடம். பிள்ளையும் பதில் பேசலாம் என்பது அதன் சிறப்பு. வீட்டில் பெரும்பாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை நடத்துவார். பாலைவனத்துக் கணக்கப்பிள்ளை! இந்த மாதிரி ரேடியோவில் படித்து வளர்ந்த பையன்களில் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, அப்போதிருந்த வணிக மென்பொருள் பிடிக்காமல் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில் வெளிவந்த அதன் பெயர்தான் மூடுல். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். பாடத்தை ஏற்றி வைக்கும் கிடங்காக அல்ல, மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக் கற்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். நம் கல்லூரிகள் பலவற்றில் அது கிடங்காகத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

பிறகு 2020 மார்ச் வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் கருவிகளுக்குக் குறைவில்லை. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். குறியீடு இருந்தது, பிளஸ் டூ மாணவர்களிடம் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, 2019-ல் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையை விட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. கணக்கில் அடி பலம். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது! அப்படி மீண்டதில் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் என்கிறது அந்த ஆய்வு. 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் அது. அதே தெருவில் வசிக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. 1544-ன் கணக்கப்பிள்ளை 2021-ல் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

சரி, எல்.எம்.எஸ். வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியருக்கு இதெல்லாம் எதற்கு?

முதலில், ஏற்றும் பாடத்தைத் தனியாக உட்கார்ந்து படிப்பவனுக்காக எழுத வேண்டும். சுப்பராம தீட்சிதரைப் போல. ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே நாலு வரி: எதை முதலில் படிக்க வேண்டும், எங்கே தடுக்கும், எவ்வளவு நேரம் ஆகும். ஒரு மணி நேர வீடியோவை விடப் பத்து நிமிட ஆடியோ கிராமத்துப் பையனின் டேட்டாவைக் காப்பாற்றும். மூடுலின் மொபைல் செயலியில் பாடத்தை இறக்கி வைத்து நெட் இல்லாமலும் படிக்கலாம். இதைச் சொல்லித்தர வகுப்பில் ஐந்து நிமிடம் போதும், ஆனால் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது கேட்பது. அசைன்மென்ட் கொடுக்காதவன் பெயருக்கு எதிரே கூகுள் கிளாஸ்ரூம் சிவப்பில் காட்டுகிறது. மூடுல், யார் எதைத் திறக்கவே இல்லை என்று பட்டியலே போடுகிறது. அந்தப் பட்டியலை மாதக் கடைசியில் மதிப்பெண் குறைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். வாரத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அது வேறு பட்டியல். ஒரு வாரமாக உள்ளே வராதவன் சோம்பேறியா, அவன் போன் உடைந்துவிட்டதா, வேலைக்குப் போகிறானா என்பது கணினிக்குத் தெரியாது. அதற்கு ஒரு போன் செய்ய வேண்டும்.

அறுபது பேருக்கும் ஆசிரியரே போன் செய்ய முடியுமா என்றால், அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. பத்துப் பேருக்கு ஒரு மாணவர். வராதவர்களிடம் பேசி, என்ன சிக்கல் என்று கேட்டு வந்து சொல்வது மட்டும் அவர் வேலை. மதிப்பெண் போடும் அதிகாரம் கூடாது. வாரம் ஒரு முறை அந்த ஆறு பேரோடும் ஆசிரியர் பத்து நிமிடம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் லங்காஸ்டர் கதைதான். இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றிவிடுவது நல்லது. தின்பண்டத்தை வாங்கிக்கொண்டு ஒப்பிக்காதவனையும் ஒப்பித்ததாகச் சொன்ன சட்டாம்பிள்ளைகள் திண்ணைக் காலத்திலேயே உண்டு. இப்போது அது ஒரு பரோட்டா செட்டில் முடிந்துவிடும்!