கண்டோன்மென்ட் தணலில் வெந்த கேக்

பெங்களூரு கிறிஸ்துமஸ் என்றதும் பலருக்கும் பிரிகேட் ரோட்டின் விளக்குத் தோரணங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரின் பண்டிகை உருவானது சிவாஜிநகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளின் சமையற்கட்டில். கேக்கும் அதிரசமும் அங்கே ஒரே தட்டில் வந்து சேர்ந்ததற்கு ஒரு ராணுவ முகாம் காரணம்.

1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காய்ச்சலும் கொசுவும் வாட்டியெடுக்கவே, 1809-இல் அல்சூர் ஏரியை ஒட்டிய மேட்டுநிலத்துக்கு இடம் மாறியது. அது மெட்ராஸ் ராணுவம். அதனால் கூடவே வந்த சிப்பாய்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், தையற்காரர்கள், வியாபாரிகள் எனப் பெருங்கூட்டம் தமிழ் பேசியது. 1834-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவும் இங்கே நிலைகொண்டது. அதன் வீரர்களை இன்றும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள்.

கிறிஸ்தவம் இந்த முகாமுக்கு முன்பே வந்துவிட்டது. செஞ்சிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றைய சிவாஜிநகரில் ஒரு கூரைக்கோயில் எழுப்பி, அதைக் காணிக்கை மாதா கோயில் என்று வணங்கினார்கள் என்கிறது ஆலய வரலாறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சிற்றாலயம் கட்டியவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. மைசூர் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தவரும் அவர்தான். இப்போது நாம் பார்க்கும் உயரமான கோதிக் கோபுரத்தோடு புனித மரியன்னை ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 1882-இல். துரைமார்களுக்கோ 1812-லேயே செயின்ட் மார்க்ஸ் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

அந்தத் துரைமார்களின் பங்களா சமையற்காரர்தான் இந்தக் கதையின் முக்கிய மனிதர். பிளம் கேக், புட்டிங், ரோஸ்ட் எல்லாம் அவர் கை வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. அவரிடம் இருந்ததோ கரியடுப்பு. பாத்திரத்துக்கு அடியிலும் தணல், மூடியின் மேலும் தணல் என்று வைத்து, வாசனையை வைத்தே பதம் பார்த்து இறக்கினார். டிசம்பர் 25 அன்று அவருடைய பகல் முழுக்கத் துரை வீட்டு விருந்திலேயே கழிந்துவிடும். செயின்ட் மார்க்ஸின் சுவர்களில் அதிகாரிகளுக்குப் பளிங்குப் பலகைகள் உண்டு. இந்தச் சமையற்காரர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அது நியாயமில்லை. இந்நகரின் கிறிஸ்துமஸ் ருசி அவர்கள் ஆக்கியது.

அவர்கள் கற்ற கேக் சொந்த வீட்டுக்குள் வந்தபோது ஒரு சிக்கல்: ஓவன் இல்லை. வழி காட்டியவை பேட்டை பேக்கரிகள். வீட்டிலேயே மாவைக் குழைத்து, முட்டையும் வெண்ணெயும் அடித்துச் சேர்த்து, ஏனத்தோடு பேக்கரிக்கு எடுத்துப் போவார்கள். ரொட்டி வெந்து முடிந்த விறகு அடுப்பின் சூட்டில் கேக் தகரங்கள் வரிசையாக உள்ளே போகும். தகரம் மாறிவிடாமல் இருக்கப் பெயர்ச்சீட்டு வைப்பதும், வீட்டில் யாராவது ஒருவர் கூடவே காத்து நிற்பதும் வழக்கம். கண்டோன்மென்ட்டின் பழைய பேக்கரிகளில் பல, இஸ்லாமியக் குடும்பங்களுடையவை. பிரேசர் டவுன் மசூதி சாலையில் 1902 முதல் நடந்துவரும் ஆல்பர்ட் பேக்கரி அவற்றில் ஒன்று. ஈஸ்டர் முட்டையும் புனித வெள்ளியின் சிலுவை பன்னும் வாங்கக் கிறிஸ்தவர்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.

கேக்கின் உள்ளடக்கமும் மண்ணுக்கேற்ப மாறியது. ரம்மில் ஊறும் 'செர்ரி' பெரும்பாலும் சாயமேற்றிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். கூடவே சர்க்கரைப் பாகில் போட்ட பூசணி, முந்திரி, ஆரஞ்சுத் தோல். ஒயினுக்கு ஊரைச் சுற்றி விளையும் கறுப்புத் திராட்சை. பெங்களூர் புளூ என்று 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பழம்.

குல்குல் என்ற இனிப்பு ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலிருந்து வந்தது. கோவாவின் போர்ச்சுக்கீசிய அடுப்படியோடும் அதற்கு உறவு உண்டு. மைதாவும் தேங்காய்ப்பாலும் பிசைந்த சிறு உருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டினால் சிப்பி மாதிரி வரி விழும். ஒருவரால் முடிகிற வேலையா அது! பாட்டி முதல் பேத்தி வரை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சுற்றி உட்காருவார்கள். பக்கத்தில் அச்சு முறுக்குக்கு எண்ணெய் காயும். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து மாவில் தோய்க்காவிட்டால் பூ கழன்று வராது.

கத்தோலிக்க வீடுகளில் குடில் கட்டுவது தனிக் கலை. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோவில் புனித பிரான்சிஸ் தொடங்கியதாகச் சொல்லப்படும் வழக்கம், பெங்களூருவில் கேழ்வரகைத் தேடிக்கொண்டது. பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவினால், மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி தயார். மைசூர் நாட்டின் முக்கியத் தானியத்தையே பெத்லகேமின் புல்லாக்கிய அந்த யோசனை அழகானது.

நள்ளிரவில் கத்தோலிக்கர் திருப்பலிக்குப் போவார்கள். சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபைகளுக்கோ விடியலுக்கு முந்தைய ஆராதனைதான் பெரிது. டிசம்பர் அதிகாலையில் பெங்களூருவின் வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் என்பது இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் உடை. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் கீத பவனி வீடு வீடாக வரும். ஆங்கில கேரல்களோடு, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த தமிழ்க் கீர்த்தனைகளும் அந்தப் பவனியில் ஒலிக்கும்.

1947 ஜூலையில் கண்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்பியது. துரைமார் போனார்கள், கேக் தங்கிவிட்டது. 1975-இல் தொடங்கிய கேக் கண்காட்சிக்கு, சர்க்கரையில் வடித்த கோட்டைகளையும் அரண்மனைகளையும் பார்க்க எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்கிறார்கள். மரியன்னை ஆலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று தனித்தனி நேரத்தில் திருப்பலி நடக்கிறது. வீட்டுக்கு வீடு ஓவன் வந்துவிட்டதால் ஏனத்தோடு பேக்கரிக்கு நடப்பது அருகிவிட்டது. குல்குல்லும் பாக்கெட்டில் கிடைக்கிறது. கூடி உட்காரும் அந்த இரவு போய்விடுவதுதான் இதில் உண்மையான இழப்பு.

ஆண்டின் கடைசி இரவில் சில பேட்டைகளின் பிள்ளைகள் பழைய துணியும் வைக்கோலும் திணித்துச் செய்த 'ஓல்ட் மேன்' பொம்மையைத் தெருவில் கொளுத்துவார்கள். அதே நேரம் சபைகளில் ஆண்டிறுதி ஆராதனை நடந்துகொண்டிருக்கும். புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். அந்த வருடத்துக்கான வசனம் அச்சிட்ட அதை நிலைக்கதவில் ஒட்டிவிட்டுத்தான் பலர் படுக்கப் போகிறார்கள்.